ஒரு டிக்கெட் மட்டும் கேட்டவர்கள்

நம் டிக்கெட் நிறுவனத்திலிருந்து நான் ஓய்வு பெற்ற அன்று உங்களில் ஒருவர், அண்மையில்தான் வேலைக்குச் சேர்ந்தவர், என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நிகழ்ச்சியின் அறிவிப்பைக் கைப்பேசியில் பார்க்கும் இடத்திலேயே டிக்கெட் வாங்க நாம் வழி செய்திருக்கிறோம். 'எத்தனை டிக்கெட்' என்ற கட்டத்தில் ஏன் முதலிலேயே '1' என்று போட்டு வைத்திருக்கிறோம்? பெரும்பாலோர் இரண்டு வாங்குகிறார்கள். '2' என்று வைத்தால் அவர்களுக்கு ஒரு தட்டு மிச்சம்தானே?

கேள்வி நியாயமானது. "அது அப்படியே இருக்கட்டும் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு மேசையைக் காலி செய்யப் போய்விட்டேன். அந்தக் கட்டத்தை மாற்றச் சொல்லி ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் கூட்டத்தில் எழுந்து சொல்வார். ஒவ்வொரு முறையும் நான் மறுப்பேன். காரணம் சொன்னதில்லை. இனி மறுப்பதற்கு நான் அங்கே இருக்க மாட்டேன் என்பதால் காரணத்தை எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் மலாக்கா நகரில், ஒரு கேசட் கடைக்கு மேல்மாடியில், மேடை நிகழ்ச்சிகள் நடத்துகிற ஒருவரிடம் நான் வேலை பார்த்தேன். உள்ளூர் இசைக்குழு, கோலாலம்பூர் பாடகர்கள், எப்போதாவது ஒரு நாடகம். அலுவலகத்தில் அவரும் நானும்தான். அவரை ஊரே முதலாளி என்றது, நானும் அப்படியே. எனக்கு அப்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தை விற்று வீடுகளை உடைத்த பிறகு அண்ணன் குடும்பம் ஜொகூர் போய்விட்டது. நான் பாயா ரும்புட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு மின்விசிறி. ஞாயிற்றுக்கிழமை யாரோடும் பேசவில்லை என்றால் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் "டவுன்" என்று சொல்லும்போது குரல் கரகரக்கும். இப்படி இருப்பதில் குறை ஒன்றும் இல்லை என்றுதான் அன்றாடம் டைரியில் எழுதி வந்தேன்.

சேர்ந்த புதிதில் முதலாளி என்னை வேனில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். டிக்கெட் கட்டுகளைத் தோட்டத்துக் கோயில் செயலாளரிடம் கொடுப்பார். செயலாளர் சாமான் கடை வாசலில் உட்கார்ந்து விற்பார். கோயிலில் வைத்து விற்கலாமே என்று நான் கேட்டேன்.

"கோயில்ல சாமி கும்பிடுவாங்க. சாமான் கடையிலதான் பேசுவாங்க," என்றார் முதலாளி. "பேச்சு எங்க நடக்குதோ அங்க விக்கணும். பேச்ச ஒரு இடத்துல வச்சிட்டு டிக்கெட்ட இன்னோரு இடத்துல வச்சா, நடக்கறதுக்குள்ள மனசு மாறிடும்லா."

தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் இது. நீங்கள் இன்று கைப்பேசியில் செய்வதும் இதைத்தான்.

தோட்டத்துக்காரர்கள் மொத்தமாக வருவார்கள். ஒரு பஸ், ஒரு தோட்டம், மண்டபத்தில் இரண்டு மூன்று வரிசை. வாசலில் முதலாளியின் அக்கா, பாக்கியம் அக்கா, நிற்பார். வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "கூட யாரும்மா?" பதிலைக் கேட்டதும் பிள்ளைகளைத் தாயோடு, மாமியாரை மருமகளோடு, கோபித்துக்கொண்ட சம்பந்தியை நாலு நாற்காலி தள்ளி, சரியாக உட்கார வைத்துவிடுவார். நூற்றுக்கணக்கானவர்களை இப்படிப் பிரித்து அமர்த்த அவரை விட்டால் ஆள் இல்லை. அந்தக் கேள்வியில் கெடுதல் இருக்கும் என்று யாருமே நினைத்ததில்லை. அலுவலகத்திலும் மண்டபத்திலும் டிக்கெட் முகப்பில் உட்கார்ந்து நானும் அதையேதான் கேட்டேன்: "எத்தன பேரு? கூட யாரு வர்றா?"

ஒன்றை மட்டும் நான் கவனித்திருந்தேன். சிலர் முகப்பில் வந்து நிற்பார்கள், கேள்வியைக் கேட்டதும் ஒரு கணம் யோசிப்பார்கள், பிறகு இரண்டு டிக்கெட் வாங்குவார்கள். நிகழ்ச்சியில் பார்த்தால் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் கைப்பை உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பத்தாண்டின் பின்பாதியில் தோட்டங்கள் வரிசையாக மூடின. பிள்ளைகள் தொழிற்பேட்டைகளுக்குப் போய் மின்னணுத் தொழிற்சாலை விடுதிகளில் தங்கினார்கள். தோட்டத்து வரிசைகள் மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகின. காப்பிக் கடைச் சுவர்களில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டே இருந்தோம், நாற்காலிகள் காலியாகிக்கொண்டே இருந்தன. சாமான் கடை வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் இப்போது எங்கே பேசுகிறார்கள் என்று முதலாளிக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிய வந்தது தற்செயலாகத்தான். கேசட் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு சைபர் கபே திறந்தார்கள். பஸ் வரும்வரை குளிர்சாதனத்தில் உட்காரலாம் என்று போக ஆரம்பித்தேன். அங்கே தமிழர்கள் கூடிப் பேசும் அரட்டை அறை ஒன்று இருந்தது. அப்போது கணினியில் தமிழெழுத்து எங்களுக்கு வராது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள். யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை. முதல் சில நாட்கள் நான் ஒன்றும் எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அங்கே எங்கள் நிகழ்ச்சியைப் பற்றிப் பேச்சு ஓடியது. யார் பாடுகிறார்கள், யார் நன்றாகப் பாடுவார்கள், யாருக்கு வயசாகிவிட்டது. டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். டவுனில் கேசட் கடை மாடியில் என்று இன்னொருவர் பதில் போட்டார். அதற்குக் கீழே வேறொரு பெயர் இப்படி எழுதியது:

"அங்க போனா ஒரு பொம்பள 'கூட யாரு'ன்னு கேக்கும். ஒரு டிக்கெட்டுன்னு சொல்ல வாய் வராது. நான் திரும்பி வந்துட்டேன்."

அந்தப் பொம்பளை நான்தான். கணினித் திரையில் என்னைப் பற்றி முதன்முதலாகப் படித்தது அதுதான்.

மறுநாளே நான் அரட்டை அறையில் விற்கப் புறப்பட்டேன். எனக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். எங்கள் துண்டறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அப்படியே தட்டினேன். எங்கள் துண்டறிக்கைகள் எல்லாவற்றையும் போல அதுவும் 'அனைவரும் குடும்பத்துடன் வந்து கண்டு களியுங்கள்' என்று முடிந்தது.

"குடும்பம் இல்லாதவங்க வீட்டுல உக்காந்து களிக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், வாடகைக்குக் குடும்பம் கிடைக்குமா என்றார். பத்துப் பேர் சிரித்தார்கள். அறையை நிர்வகிப்பவர் என்னை வெளியே தள்ளிவிட்டார். திரையில் ஒன்றும் இல்லை. எழுந்து போகலாம் என்று பையை எடுத்தபோது ஒரு தனிச் செய்தி வந்தது. அனுப்பியவர் பெயர் 'கடலைமிட்டாய்'.

"அக்கா, அந்தக் குடும்பத்த மட்டும் எடுத்துட்டு திரும்பப் போடுங்க. வாங்குவாங்க."

மறுபடி அறைக்குள் நுழைந்து, அதை எடுத்துவிட்டுப் போட்டேன். 'ஒரு டிக்கெட்டும் கிடைக்கும், தனியாகச் செய்தி அனுப்புங்கள்' என்று ஒரு வரி சேர்த்தேன். அன்று மாலை ஆறு பேர் எழுதினார்கள். எல்லாரும் ஒன்றுதான் கேட்டார்கள். நான் எதையும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது, எதிரில் முகமே இல்லை. பணத்தை வங்கியில் கட்டிவிட்டு அந்தச் சீட்டை வாசலில் காட்டினால் போதும் என்று ஏற்பாடு செய்தேன். பெயர்கூட வேண்டாம்.

முதலாளிக்கு இது பிடிபடவில்லை. "மொகம் தெரியாதவங்கள எந்தக் குடும்பத்துப் பக்கத்துல ஒக்கார வைப்ப? பொண்ணு பேருல ஆம்பள வந்து நின்னா?" என்றார். அவர் கவலையும் நியாயம்தான். நடுவில் முழு வரிசை ஒன்றை அவர்களுக்கென்றே ஒதுக்கினேன். அந்த வரிசையில் யாரும் எங்கேயும் உட்காரலாம். காலியாகக் கிடக்கப் போகிற வரிசைதானே என்று அவரும் விட்டுவிட்டார்.

கடலைமிட்டாய் தினமும் மாலையில் வந்தாள். தொழிற்சாலையில் காலை ஷிப்ட், விடுதியில் மேல் கட்டில், கீழ்க் கட்டில்காரி இந்தோனேசியாக்காரி. என்னைவிட இளையவள். தோட்டத்தில் பிறந்தவள், எந்தத் தோட்டம் என்று சொல்லவில்லை. முதல் கேள்வி எப்போதும் சாப்டாச்சா என்பதுதான். வேலை முடிந்து போகும் என்னிடம் அதைக் கேட்க வேறு ஆள் இல்லை. சில நாள் அவளுக்குப் பதில் சொல்வதற்காகவே ஒழுங்காகச் சாப்பிட்டேன். அவளும் ஒரு டிக்கெட் வாங்கினாள். மண்டபத்தில் மேடை நிகழ்ச்சி பார்த்து ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டது, கடைசியாக அம்மா அப்பாவோடு தோட்டத்துப் பஸ்ஸில் வந்தது என்றாள். நிகழ்ச்சிக்கு முதல் நாள் இப்படி எழுதினாள்:

"கூட யாருன்னு யாராச்சும் கேட்டா நான் திரும்பிப் போயிடுவேங்க்கா. சொல்லிட்டேன்."

"யாரும் கேக்க மாட்டாங்க," என்று நான் எழுதினேன்.

பாக்கியம் அக்காவிடம் சொல்லி வைத்தேன். வங்கிச் சீட்டோடு வருகிறவர்களிடம் எதுவும் கேட்க வேண்டாம், நடு வரிசையைக் காட்டினால் போதும். "சரிம்மா, எனக்கென்ன," என்றார். முப்பது வருஷப் பழக்கம் ஒரு "சரிம்மா"வில் போய்விடும் என்று நான் நம்பியிருக்கக் கூடாது. இணையத்தில் எல்லாவற்றையும் சரிபார்த்தவள் வாசலைச் சரிபார்க்கவில்லை. உங்கள் வேலையிலும் கதவு என்று ஒன்று எங்கேயாவது இருக்கும். அங்கே ஒரு மனிதர் நிற்பார். அவரையும் சேர்த்துத்தான் விற்பனை.

நிகழ்ச்சி ஞாயிறு பிற்பகல். நான் வாசலுக்கு வலப்பக்கம் முகப்பில் இருந்தேன். ஜாசின் பக்கத்துத் தோட்டத்துப் பஸ் அப்போதுதான் வந்து இறங்கியது. என் முன்னால் வரிசை வளைந்து படிக்கட்டு வரை போயிற்று. அந்தக் கூட்டத்துக்கு நடுவில், பாக்கியம் அக்காவின் குரல் கேட்டது, அன்பாக, எல்லாரையும் கேட்பது போல:

"தனியாவா வந்தே? கூட யாரும்மா?"

நிமிர்ந்து பார்த்தேன். சேலை கட்டிய ஒரு பெண், கையில் மடித்த வங்கிச் சீட்டு. அவள் சீட்டைக் கைப்பைக்குள் வைத்தாள். திரும்பிப் படி இறங்கினாள். சாலையைக் கடந்து எதிரே பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள்.

கடலைமிட்டாய் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. சொன்னபடியே செய்கிறாள். என் முன்னால் ஓர் ஆள் ஏழு டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார், அவர் பிள்ளை ஒன்று அழுதது. முகப்பை விட்டுப் போகக் கூடாது என்பது தொழிலின் முதல் விதி. அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை, அதனால்தான் அத்தனை வருஷத்தில் எங்கள் நிகழ்ச்சி ஒன்றைக்கூட உட்கார்ந்து பார்த்ததும் இல்லை. எதிர்ப்பக்கம் கிளேபாங் போகும் பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. முதலாளியைக் கைதட்டிக் கூப்பிட்டு, பணப்பெட்டிச் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு ஓடினேன். அவர் பின்னால் என்னவோ கத்தினார். அந்த ஏழு டிக்கெட்காரரும் கத்தினார்.

நிறுத்தத்தில் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். அரட்டைப் பெயரைச் சொல்லி அத்தனை பேர் முன்னால் எப்படிக் கூப்பிடுவது? பக்கத்தில் போய் நின்றேன்.

"நிகழ்ச்சிக்குத்தானே வந்தீங்க?" என்றேன்.

"இல்ல. பஸ்ஸுக்கு நிக்கறேன்."

"வாசல்ல இருக்கற அக்கா எல்லாரையும் அப்படித்தான் கேப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பில்லங்க. அவங்க கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, அதான்."

பஸ் வந்து நின்றது. மற்றவர்கள் ஏறினார்கள். அவள் ஒரு கால் படியில் வைத்துவிட்டாள். யோசிக்க நேரம் இல்லாதபோது வாயில் வருவதைத்தான் சொல்ல முடிகிறது.

"என்னையச் சொல்லுங்க," என்றேன். "நாந்தான் உங்க கூட வந்தேன்னு சொல்லுங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். டிரைவர் "நாயிக் கெ தாக்?" என்று மலாயில் கேட்டார், ஏறுகிறாயா இல்லையா. அவள் காலை எடுத்துக்கொண்டாள்.

சாலையைக் கடக்கும்போது அவள் கையைப் பிடித்தேன். வண்டிகள் வந்ததால் பிடித்தது, விடத் தோன்றவில்லை. வாசலில் பாக்கியம் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"கவுண்டர விட்டுட்டு எங்கம்மா போன? அங்க என் தம்பி திண்டாடுறான். இது யாரு?"

"எங்கூட வந்தவங்க."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதாலா? பாவம், அந்தப் பொண்ணு வெயில்ல நின்னுச்சு. போங்க, போங்க, ஆரம்பிக்கப் போறாங்க."

உள்ளே போய் நடு வரிசையைப் பார்த்தேன். என் ஆறு பேரும் அவர்களுக்குப் பின் வாங்கியவர்களும் வந்திருந்தார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலி. யாரும் சொல்லாமலே அப்படி உட்கார்ந்திருந்தார்கள். மாலைதோறும் திரையில் ஒருவரையொருவர் கேலி செய்கிறவர்கள், பக்கத்தில் இருப்பது யார் என்று தெரியாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையிலும் பின் வரிசையிலும் குடும்பங்கள் முறுக்கு நொறுக்கிக்கொண்டு இரைந்து பேசின. நடுவில் அந்த ஒரு வரிசை மட்டும் பல் விழுந்த சீப்பு.

ஓரத்து நாற்காலியில் இருந்தவர் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார். நாங்கள் இருவரும் உள்ளே நகர்ந்து, ஆளில்லாமல் கிடந்த இடத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். இசைக்குழு வாத்தியங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. நான் அவள் காதருகே குனிந்து கேட்டேன்.

"கடலைமிட்டாய்தானே?"

அவள் தலையை ஆட்டினாள். "இல்லக்கா. நான் வேற. அவங்களும் வந்திருப்பாங்க, இங்கதான் எங்கயாச்சும்."

இருவரும் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தோம். எல்லாரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பாட்டு இருந்துவிட்டு நான் முகப்புக்குத் திரும்பினேன். அந்த இரண்டு பாட்டுத்தான் எங்கள் நிகழ்ச்சிகளில் நான் முதன்முதலாக உட்கார்ந்து கேட்டது. அவள் தன் பெயரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமை மாலை சைபர் கபேயில் உட்கார்ந்ததும் கடலைமிட்டாய் வந்தாள். சாப்டாச்சா என்றாள். ஆச்சு என்றேன். நிகழ்ச்சிக்கு வந்தாயா என்று கேட்டேன்.

"வந்தேங்க்கா. வாசல்ல என்னையும் கேட்டாங்க. அம்மா பின்னாடி வர்றாங்கன்னு பொய் சொல்லிட்டு உள்ள ஓடிட்டேன். கடைசிவரைக்கும் பக்கத்துச் சீட்ட காலியாவே வச்சிருந்தேன், அந்த அக்கா வந்து பாத்தா என்ன செய்யறதுன்னு."

மன்னித்துக்கொள் என்று எழுதினேன். பரவாயில்லை, பாட்டு நன்றாக இருந்தது என்றாள். பிறகு வந்தது:

"ஒரு அக்கா ஒருத்தங்கள கையப் பிடிச்சிக் கூட்டிட்டு வந்து ஒக்காந்தாங்க. ரெண்டு பேரும் காதுல ஏதோ பேசிக்கிட்டாங்க. எனக்கு அப்படி ஒருத்தர் இல்லயேன்னு இருந்துச்சு."

பக்கத்து மேசையில் யாரோ விளையாட்டில் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நான் எழுத்தெழுத்தாகத் தட்டினேன்: "அந்த அக்கா நான்தான். அது நீன்னு நெனச்சுத்தான் கையப் பிடிச்சேன்."

அவள் எழுதினாள்:

"ஓரத்துல ஒக்காந்திருந்தது நாந்தாங்க்கா. நீங்க போக காலை ஒதுக்குனேனே."

எவ்வளவு முயன்றும் எனக்கு முகம் நினைவுக்கு வரவில்லை. நீலத் துணி மூடிய முழங்கால் ஒன்று ஒதுங்குவது மட்டும் தெரிந்தது. எனக்குத் தெரிந்து எங்கள் இருவருக்கும் இடையே நடந்த நேர்ச் சந்திப்பு அவ்வளவுதான். அடுத்த நிகழ்ச்சிக்கு முகப்புக்கே வந்து வாங்குகிறேன் என்று எழுதினாள். வந்தால் உன் பெயரைச் சொல் என்றேன்.

"சொல்ல மாட்டேன். மத்தவங்க மாதிரி நானும் வந்து ஒன்னுன்னு கேப்பேன். நீங்க எதுவும் கேக்காம குடுக்கணும். குடுப்பீங்களான்னு பாக்கணும்."

சில வாரங்களில் அவளுடைய தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. கடலைமிட்டாய் என்ற பெயர் பிறகு அரட்டை அறைக்கு வரவில்லை. அறையே மெல்லக் கலைந்து போயிற்று.

நாங்கள் நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து நடத்தினோம். பாக்கியம் அக்கா வாசலில் "எந்த வரிசை?" என்று மட்டும் கேட்கப் பழகிக்கொண்டார், பெரிய முணுமுணுப்போடுதான். நான் முகப்பில் எதையும் கேட்பதை விட்டேன்; கைப்பேசிக் கட்டத்தில் '2' என்று போட்டு வைத்தால் அதுவும் அதே கேள்விதான். ஒரு டிக்கெட் கேட்டுப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் எப்போதாவது ஒருத்தி, பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் சிலர். சிலர் "ஒன்னு" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருத்தி நீல நிறத்தில் உடுத்தியிருந்தாள், டிக்கெட்டை வாங்கிய பிறகும் சற்று நேரம் நகரவில்லை.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்காமல்தான் கொடுத்தேன்.